தனி ஆளாக வீட்டிலேயே கார் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்குவது எப்படி?

எஞ்சினைக் கிரேனில் மாட்டி வெளியே எடுக்க எனக்கு ஆனது நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்துக்கு வந்து சேர மூன்று வார இறுதிகள் பிடித்தன. துருவேறி அசையாத நட்டு, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத போல்ட், வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாங்கப் போன ஆயில் சீல் என்று ஒவ்வொன்றும் ஒரு மாலைப் பொழுதை விழுங்கியது. கூட ஓர் ஆள் நின்றிருந்தால், "அங்கே ஒரு வயர் இழுபடுகிறது, நிறுத்து" என்று சொல்லியிருப்பார். தனி ஆளுக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் இல்லை. அந்தக் குறையை முன்தயாரிப்பாலும் அடிக்கடி நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தாலும்தான் ஈடுகட்ட வேண்டும். நான் வீணாக்கிய நாட்களை நீங்கள் வீணாக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது முன்சக்கரங்கள் இழுக்கும், எஞ்சின் குறுக்காக அமர்ந்திருக்கும் சிறிய நான்கு சிலிண்டர் காருக்கானது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக, மேல்வழியாக வெளியே வரும் முறை இது. சில மாடல்களில் சப்ஃபிரேமோடு (எஞ்சினை அடியில் தாங்கும் சட்டம்) சேர்த்துக் கீழ்வழியாக இறக்கும்படிதான் தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அதற்குக் காரின் முகப்பை மிக உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். லிஃப்ட் இல்லாமல் தனி ஆள் அதில் இறங்கக் கூடாது. ஹைபிரிட் கார், மின்சாரக் கார் எதையும் இந்த வழியில் தொடாதீர்கள். அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது.

1. ஸ்பேனரைத் தொடும் முன் காகிதங்கள்

உங்கள் காரின் மாடலுக்கும் எஞ்சின் குறியீட்டுக்கும் உரிய பழுதுபார்ப்புக் கையேட்டைத் தேடிப் பிடியுங்கள். காருடன் வரும் சிறு புத்தகம் இதற்கு உதவாது. ஒரே பெயரில் ஓடும் கார்களிலேயே இரண்டு மூன்று வகை எஞ்சின்கள் இருக்கும்; மௌண்டிங் (எஞ்சினைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி) அமைப்பும் தூக்கும் கோணமும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். வயரிங் வரைபடம், போல்ட்டுகளை முடுக்க வேண்டிய அளவு, எண்ணெய்களின் வகையும் கொள்ளளவும் உள்ள பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் கையோடு கைப்பேசித் திரையைத் தடவிக்கொண்டிருக்க முடியாது.

பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் இருந்தால், எஞ்சின் பிளாக்கில் பொறித்துள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் புகைப்படம் எடுங்கள். அதே எஞ்சினைச் சீர்செய்து திரும்பப் பொருத்துவதென்றால் இதோடு சரி. வேறு எஞ்சின் வைக்கப் போகிறீர்கள் என்றால், எண் மாற்றத்துக்கு உங்கள் பகுதிப் பதிவு அலுவலகம் என்னென்ன கேட்கிறது என்பதை முதலிலேயே விசாரியுங்கள். பழைய எஞ்சின் வாங்கினால் எண் குறிப்பிட்ட ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ரேடியோவுக்குப் பூட்டு எண் இருந்தால் அதையும் இப்போதே எழுதி வையுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு ரேடியோ அதைக் கேட்கும்.

2. செலவும் நேரமும்

கிரேனை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? ஒரு முறைக்கு மட்டும் என்றால் வாடகைதான். ஆனால் வேலை தொடங்கும் நாளில் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் கழற்றி, மௌண்டிங்குகள் மட்டும் மிச்சம் இருக்கும்போது எடுங்கள். நான் முதல் சனிக்கிழமையே கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். அது இரண்டு வாரம் மூலையில் சும்மா நின்றது. வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை: ஹப் நட்டுகள் (சக்கரத்தின் நடுவில் ஆக்சில் முனையை இறுக்கும் நட்டுகள்; பல கார்களில் ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது), கியர்பாக்ஸில் ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) நுழையும் இடத்து ஆயில் சீல் இரண்டு, ஆக்சில் முனையின் பூட்டு வளையங்கள், சைலன்சர் பைப் இணைப்பின் கேஸ்கெட், ஸ்பிளிட் பின்கள், ஹோஸ் கிளிப்புகள், கூலன்ட், கியர் ஆயில். எஞ்சின் வெளியே வந்த பிறகு கிளட்ச் தட்டு, கிளட்ச் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் ஆகியவை கண்முன் நிற்கும். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுங்கள். இந்தப் பாகங்களை எட்டுவதற்கான உழைப்புதான் பெரிய செலவு. அதை இரண்டாம் முறை செய்ய வேண்டி வரக் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, பழக்கமான மெக்கானிக் ஒரே நாளில் முடிக்கும் வேலைக்கு முதல்முறை செய்பவர் மூன்று நான்கு முழு நாட்களை ஒதுக்குங்கள். அதற்கு மேல் ஒரு நாளைத் துருவுக்கென்று விடுங்கள். திங்கட்கிழமை காலை அந்தக் கார் வேண்டும் என்ற நிலையில் தொடங்கவே வேண்டாம்.

3. இடமும் கருவிகளும்

சமமான, கெட்டியான கான்கிரீட் தரை வேண்டும். மண்ணிலும் சரளையிலும் கிரேனின் சிறு சக்கரங்கள் உருளாது. சரிவில் அது தானாக நகரும். காருக்கு முன்னால் கிரேனைப் பின்னோக்கி இழுக்க இடம் விடுங்கள். மேலே கூரைக்கும் கிரேன் கைக்கும் உள்ள உயரத்தையும் அளந்து பாருங்கள்.

இன்னொன்றைப் பலரும் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கிரேனின் கால்கள் காருக்கு அடியில் நுழைந்தாக வேண்டும். ஜாக் ஸ்டாண்டுகளை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே கிரேன் கால் வந்து முட்டினால், அரைகுறையாகக் கழற்றிய காரை மறுபடி தூக்கி ஸ்டாண்டை மாற்ற வேண்டியிருக்கும். கிரேன் கால்களின் அகலத்தையும் உயரத்தையும் வாடகைக்கு விடுபவரிடம் கேட்டு, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு ஸ்டாண்டை வையுங்கள்.

அலுமினிய பிளாக் கொண்ட சிறிய எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 120 முதல் 170 கிலோ வரை இருக்கும். இரும்பு பிளாக் என்றால் இன்னும் கூடும். கிரேனில் '2 டன்' என்று எழுதியிருந்தால், அது கையை உள்ளே இழுத்து வைத்த நிலைக்கான கணக்கு. கையை முழுவதும் நீட்டினால் பெரும்பாலும் அரை டன்தான் தாங்கும். ஒவ்வொரு துளைக்கும் உரிய எடை கிரேன் கையிலேயே எழுதியிருக்கும். படித்துவிட்டுப் பின்னைச் செருகுங்கள்.

கருவிகளில் சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரிஞ்ச், நெம்புவதற்கு இரண்டு லிவர்கள், காந்தக் கம்பி, ஜாக், நான்கு ஜாக் ஸ்டாண்டுகள், மரக்கட்டைகள் ஆகியவை கட்டாயம். எஞ்சினின் சாய்வைத் திருகி மாற்றும் லோட் லெவலர் என்ற கருவியைச் சிலர் ஆடம்பரம் என்று விட்டுவிடுகிறார்கள். தனி ஆளுக்கு அது கட்டாயம். ஒரு கையால் எஞ்சினைச் சாய்த்துப் பிடித்து இன்னொரு கையால் கிரேனை இயக்க யாராலும் முடியாது.

4. ஒரு நாள் முன்பே செய்ய வேண்டியவை

எஞ்சின் அறையைக் கழுவிக் காயவிடுங்கள். ஏ.சி. வாயுவைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. சுற்றுச்சூழலுக்குக் கேடு, தோலில் பட்டால் உறைபனிக் காயம் உண்டாகும். குழாய்களைக் கழற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் போல்ட் எடுத்து ஓரமாகக் கட்டிவைக்க இடம் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இடம் இல்லையென்றால், கார் ஓடும் நிலையில் இருக்கும்போதே ஏ.சி. பணிமனைக்குக் கொண்டுபோய் வாயுவை இயந்திரத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

சைலன்சர் பைப் நட்டுகளுக்கும் அடிப்பகுதி போல்ட்டுகளுக்கும் துருநீக்கித் தைலத்தை மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை அடியுங்கள்.

ஹப் நட்டுகளைச் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே நெகிழ்த்த வேண்டும். நட்டின் விளிம்பை ஆக்சில் முனையின் பள்ளத்துக்குள் தட்டி மடித்திருப்பார்கள். முதலில் அதை நிமிர்த்துங்கள். பிரேக்கை மிதிக்க ஆள் இல்லாததால், பெடலுக்கும் இருக்கைக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தேன். நட்டை ஒரு சுற்று நெகிழ்த்தினால் போதும். அதன் பிறகு காரை ஓட்டக் கூடாது.

கண்ணாடிகளை இறக்கிவிட்டு டிக்கியைத் திறந்து வையுங்கள். பேட்டரி போன பின் அவை திறக்காமல் போகலாம்.

5. பெட்ரோல், மின்சாரம், திரவங்கள்

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பெட்ரோல் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டுங்கள். சற்று நேரத்தில் தானே அணைந்துவிடும். இன்னும் ஓரிரு முறை ஸ்டார்ட் செய்து, குழாயில் மிச்சம் உள்ள அழுத்தத்தையும் தீருங்கள். சாதாரணப் பெட்ரோல் எஞ்சினில் அந்தக் குழாயில் 3 முதல் 4 பார் வரை அழுத்தம் இருக்கும். இதைச் செய்யாமல் குழாயைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில்தான் அடிக்கும். காமன் ரெயில் டீசல் என்றால் ஓடும்போது அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருக்காமல் எந்த இணைப்பையும் தொடக் கூடாது.

பிறகு பேட்டரி: நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் அடுத்து. பேட்டரியையும் அதன் தட்டையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு கூலன்டை வடியுங்கள். அது இனிப்பான நஞ்சு; நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும். திறந்த பாத்திரத்தில் ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். கியர் ஆயிலை வடிக்கும் முன் அதை ஊற்றும் துளையின் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். வடித்து முடித்த பிறகு அந்த மூடி அசைய மறுத்தால் அடுத்த நடவடிக்கை எல்லாம் சிக்கல். ஆக்சிலை உருவும் முன்பே ஆயிலை வடித்தாக வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் முழங்கைக்குள் இறங்கும்.

6. மேலிருந்து கழற்றுதல்

போனட் கீல்களின் ஓரத்தை மார்க்கரால் வரைந்துவிட்டுப் போல்ட்டை எடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டும். தனியாகக் கழற்றினால், போனட்டின் முன்முனையைக் கூரை உத்தரத்தில் கயிறு போட்டுக் கட்டி, கண்ணாடிக்குக் கீழே தடித்த போர்வையை விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டி, ரேடியேட்டர், அதன் விசிறி ஆகியவற்றை எடுத்துவிட்டால் முன்னால் நல்ல இடம் கிடைக்கும். ஏ.சி. கண்டென்சர் அங்கேயே இருக்குமானால் அதன் மேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். அதன் மெல்லிய தகடுகள் ஒரு ஸ்பேனர் விழுந்தாலே நசுங்கும். முன்பக்க மேல் குறுக்குச் சட்டம் போல்ட்டில் நிற்கும் வகையா என்று பாருங்கள். அப்படியானால் கழற்றுங்கள், எஞ்சினைத் தூக்க வேண்டிய உயரம் கணிசமாகக் குறையும்.

வயரிங்கில் ஒவ்வொரு கப்ளரையும் (வயர்களை இணைக்கும் செருகி) பிரிக்கும் முன் ஒரு படம், பிரித்த பின் ஒரு படம். இரண்டு முனையிலும் ஒரே எண் எழுதிய டேப்பைச் சுற்றுங்கள். பழைய கப்ளர்களின் பிளாஸ்டிக் பூட்டு வெயிலில் காய்ந்த சருகு போல நொறுங்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்தி உடலைப் பிடித்து உருவுங்கள். போல்ட்டுகளை இடவாரியாகத் தனித்தனிப் பைகளில் போட்டு எழுதுங்கள். 'ஸ்டார்ட்டர் - மேல் போல்ட், நீளமானது' என்ற அளவுக்கு எழுத வேண்டும். 'போல்ட்டுகள்' என்று மட்டும் எழுதிய பை ஒன்று என்னிடம் இருந்தது. பொருத்தும் நாளில் அது ஒரு மதியத்தைத் தின்றது.

கிளட்ச் கேபிளில் இயங்கினால் கேபிளைக் கழற்றுங்கள். ஹைட்ராலிக் என்றால் ஸ்லேவ் சிலிண்டரை (கிளட்சைத் தள்ளும் சிறு சிலிண்டர்) குழாயோடு அப்படியே எடுத்து ஓரமாகக் கட்டுங்கள். அதன் பிறகு கிளட்ச் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே துள்ளிவிடும்.

7. அடியிலிருந்து கழற்றுதல்

பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, காரின் முகப்பை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பக்கவாட்டில் பிடித்துப் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் நுழைய வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட அடியில் நீட்டாதீர்கள். நீங்கள் தனியாக இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். கைப்பேசி சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

சைலன்சர் பைப் நட்டுகளில் பொறுமை காட்டுங்கள். கால் சுற்று திறந்து, அரைக்கால் சுற்று மூடி, மறுபடி திறக்க வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் ஸ்டட் முறியும். முறிந்ததைத் துளைபோட்டு எடுப்பது தனி வேலை. ஆக்சிஜன் சென்சாரின் கப்ளரை முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

ஆக்சில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். சக்கரத்தையும் நெகிழ்த்திய ஹப் நட்டையும் எடுத்துவிட்டு, லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் கை) பால் ஜாயின்ட்டை விடுவித்து, சக்கர ஹப்பை வெளியே தள்ளினால் ஆக்சிலின் வெளிமுனை கழன்றுவரும். உள்முனையைக் கழற்ற ஆக்சில் கம்பியைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் ரப்பர் உறைக்குள் ஜாயின்ட் கழன்று, உருளைகள் கிரீஸோடு கொட்டிவிடும். கியர்பாக்ஸ் உடலுக்கும் ஜாயின்ட்டின் கிண்ணத்துக்கும் நடுவே லிவரை வைத்து, ஆயில் சீலில் படாமல், சுருக்கென்று ஒரு நெம்பு கொடுங்கள். உள்ளே பூட்டு வளையம் விடுபடும் சிறு அதிர்வு கையில் தெரியும். அதன் பிறகு ஆக்சில் வழுக்கிக்கொண்டு வரும். வெளியே வந்ததும் அந்தத் துளையில் அதே பருமனுள்ள மரக் கம்பையோ பழைய ஆக்சில் முனையையோ செருகி வையுங்கள். சில கியர்பாக்ஸ்களில் இரண்டு ஆக்சில்களும் இல்லாவிட்டால் உள்ளே டிஃபரென்ஷியல் பற்சக்கரங்கள் இடம் நழுவிவிடும்.

கியர் கேபிள்களை, அவற்றின் நீளத்தைச் சரிசெய்யும் திருகு எந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள்.

8. தூக்கும் நாள்

சங்கிலியை எஞ்சினிலேயே உள்ள தூக்கு வளையங்களில் மாட்டுங்கள். வளையம் இல்லையென்றால், கையேடு காட்டும் துளைகளில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட தர போல்ட்டுகளைப் போதிய ஆழத்துக்குத் திருகி மாட்டலாம். இன்டேக் மேனிஃபோல்டிலோ ஆல்டர்னேட்டர் தாங்கியிலோ கட்டாதீர்கள்.

கிரேன் எடையை ஏற்கும்வரை எந்த மௌண்டிங்கையும் முழுதாகக் கழற்றக் கூடாது. சங்கிலி விறைத்த பிறகு சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மௌண்டிங் ரப்பரின் நசுங்கல் நீங்கி நிமிர்வது கண்ணுக்குத் தெரியும். எடை சரியாக ஏறியிருந்தால், நெகிழ்த்திய மௌண்டிங் போல்ட் விரலாலேயே சுற்றும். சுற்றாமல் கடித்துக்கொண்டு நின்றால் உயரம் கூடவோ குறையவோ இருக்கிறது என்று பொருள். சுத்தியலைத் தேடாமல் கிரேனைச் சரிசெய்யுங்கள். முதலில் அடியில் எஞ்சின் ஆடாமல் பிடிக்கும் டார்க் ராடு, அடுத்து கியர்பாக்ஸ் பக்கம், கடைசியாக எஞ்சின் பக்கம் என்ற வரிசை எனக்கு எளிதாக இருந்தது.

இனி ஒரே விதி: ஐந்து சென்டிமீட்டர் தூக்குங்கள், நிறுத்துங்கள், காரை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கையில் விளக்கு இருக்கட்டும். முதல் மூன்று நிறுத்தங்களில் நான் இந்த விதியைக் காத்தேன். நான்காவது முறை, எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் தொடர்ந்து கைப்பிடியை அழுத்தினேன். 'டக்' என்று ஒரு சிறு சத்தம். குனிந்து பார்த்தால், கியர்பாக்ஸின் பின்புறம் ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்சுக்குப் போகும் வயர் தந்தி போல விறைத்து நிற்கிறது. அதன் நுனியில் பாதி உடைந்த கப்ளர். இன்னொரு அழுத்தம் கொடுத்திருந்தால் வயரிங் கட்டே கிழிந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இவற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள்: கியர்பாக்ஸிலிருந்து காரின் உடலுக்குப் போகும் எர்த் பட்டை, ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்ச், வேக சென்சார், பின்புறம் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்கள், பிரேக் பூஸ்டரின் வேக்குவம் ஹோஸ், ஆயில் அழுத்த ஸ்விட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள். எர்த் பட்டையைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். அது எஞ்சின் நிறத்திலேயே அழுக்கேறிக் கிடக்கும்.

லோட் லெவலரைத் திருகி, பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் முனையைத் தாழ்த்திச் சாய்த்தால் வழி கிடைக்கும். எங்காவது தட்டினால் எஞ்சினை உதைக்கவோ, இடுக்கில் விரலை நுழைத்துத் தள்ளவோ கூடாது, மரக்கட்டையால் தள்ளுங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் உடலின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. முன் சட்டத்தைத் தாண்டியதும் கிரேனைப் பின்னோக்கி மெதுவாக இழுத்து, காரை விட்டு விலகிய உடனே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள். எடை உயரத்தில் தொங்கும்போது கிரேனை உருட்டினால், சக்கரத்தில் ஒரு கூழாங்கல் மாட்டினாலே கவிழும். இறக்கும் வால்வைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள்.

9. வெளியே வந்த பிறகு

கிரேனைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே கியர்பாக்ஸைப் பிரித்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். அதன் எடை கிளட்ச் தட்டில் தொங்கினால் தட்டு வளையும். ஆட்டோமேட்டிக் என்றால், டார்க் கன்வெர்ட்டரை எஞ்சின் தட்டோடு இணைக்கும் போல்ட்டுகளை முதலில் எடுத்து, கன்வெர்ட்டர் கியர்பாக்ஸோடு சேர்ந்து வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஸ்டாண்ட் கியர்பாக்ஸ் இருந்த பக்கத்தில்தான் மாட்டும். எனவே கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழன்ற பிறகு, கிரேன் உங்களிடம் இருக்கும்போதே எஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றுங்கள்.

காரை நகர்த்த வேண்டுமா? ஆக்சில் இல்லாத ஹப் மேல் எடையைப் போட்டு உருட்டினால் சக்கர பேரிங் பிரிந்துவிடும். ஆக்சிலின் வெளி ஜாயின்ட்டை மட்டும் ஹப்பில் செருகி, நட்டை முடுக்கிய பிறகுதான் சக்கரத்தைத் தரையில் இறக்கலாம். எஞ்சின் போனதும் முகப்பு இலேசாகி மேலே எழும்பி நிற்கும், அது பழுதல்ல.

எஞ்சினின் திறந்த துளைகள் எல்லாவற்றையும் சுத்தமான துணியாலோ டேப்பாலோ அன்றே மூடுங்கள். துணியை அடைத்தால் எத்தனை இடத்தில் என்று ஒரு தாளில் எழுதி எஞ்சின் மேலேயே ஒட்டுங்கள். பழைய ஆயிலையும் கூலன்டையும் தனித்தனிக் கேன்களில் மூடி, கழிவு எண்ணெய் பெறும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். கிரேனைத் திருப்பிக் கொடுக்கும்போதே, எஞ்சினைத் திரும்பப் பொருத்தும் நாளுக்கும் அதே கிரேனைச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். அதன் கால்களுக்கு ஏற்றபடிதான் உங்கள் ஜாக் ஸ்டாண்டுகள் நிற்கின்றன.